வெந்நீர் சுழியாது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. தோல் மருத்துவரான என் நாத்தனார் பட்டாணி உரித்துக்கொண்டே சொன்னது. எழுது என்று அவள் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை.

முதல் வரி: மூன்று மாதப் பெண் குழந்தையின் விலாவில் பழுப்புக் கோடுகள், ஈர மணலில் யாரோ விரலால் கிறுக்கியதைப் போல...

(நாத்தனார் படித்துவிட்டு அந்த வரியை அடித்தாள். "உவமையெல்லாம் எதுக்கு அண்ணி? வெந்நீர் கொட்டினா கீழ்ப்பக்கமா வழியும். இது சுழிஞ்சு சுழிஞ்சு போகுது. அதுதான் விஷயம்.")

2

வெந்நீர் என்று சொன்னது குழந்தையின் அப்பா. பிறந்த இரண்டாம் வாரம் வரிவரியாகக் கொப்புளம் கிளம்பியது. மனைவி குளிப்பாட்டும்போது சுட்டுவிட்டு மறைக்கிறாள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் இல்லையென்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அன்றிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது அவன்தான்.

என் முதல் பிரதியில் அவன் வில்லன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவானாம்.

3

"உங்க காலைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று தாயிடம் கேட்டாள் நாத்தனார்.

கெண்டைக்காலில் வெளிறிய கோடுகள். முடி முளைக்காத கோடுகள். கீழ்வரிசையில் ஒரு பல் வரவேயில்லை. முன்பு இரண்டு கரு தங்கவில்லை.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு டாக்டர்."

"யாரும் சுடலைங்க. இது பரம்பரையா வர்றது. பெண் குழந்தைங்ககிட்டதான் பெரும்பாலும் பாக்கறோம். ஆண் கரு அனேகமா தங்கறதில்ல."

தாய் நிம்மதியாக அழுதாள் என்று எழுதி, அழித்தேன். அவள் சொன்னது இதுதான்: "அப்ப எங்கிட்டேருந்துதான் வந்திருக்கு."

"அதானே," என்றான் கணவன்.

"உங்க மூக்கு உங்கப்பா மூக்குன்னா, அது அவர் பண்ண தப்பா?" என்று அவனைக் கேட்டாள் நாத்தனார்.



4

தோல் நிறம் தானாக மங்கிவிடும். கவலை கண்ணில்தான். அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பினாள். இடது விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரத் தொடங்கியிருந்தன. லேசர் வைத்தார்கள். பார்வை பிழைத்தது.

அவன் மன்னிப்புக் கேட்கும் காட்சியை மூன்று விதமாக எழுதினேன். நடந்தது இவ்வளவுதான்: மறுநாள் காலை குளியல் தொட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவள் குழந்தையைக் குளிப்பாட்டினாள்.

5

பிறகு தன் தங்கைக்குப் போன் செய்தாள்; அம்மாவுக்கு இருந்தது அவளுக்கும் வந்திருக்கலாம். தங்கைக்கு ஐந்தாம் மாதம், வயிற்றில் இருப்பது பெண்ணா ஆணா தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்:

"அக்கா, இதை இவர்கிட்ட சொல்லட்டுமா?"

(சொல்லு, என்று ஒரு முடிவு எழுதினேன். டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு, என்று இன்னொன்று. இரண்டும் என் வாயில் வருகின்றன, அக்காவின் வாயில் வரவில்லை. இரண்டரை மாதம் தன் குழந்தையைக் குளிப்பாட்டாமல் இருந்தவள் அவள்.)

நாத்தனாருக்கும் அதற்குமேல் தெரியாது. தங்கை லைனில் காத்திருக்கிறாள். நீங்கள் பேசுங்கள்.