நேரில் கண்ட சாட்சி

கைக்குட்டையில் சுற்றிய காந்தம் சிவப்புக் கதவின்மேல் ஒட்டி ஒட்டி நகர்ந்துபோய், கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் பிடி கிடைக்காமல் வழுக்குகிறது, இங்க பட்டி பார்த்திருக்காங்க மேடம், அடியில தகடு நசுங்கியிருக்கு, என்று நிமிராமலே சொல்கிறார் ஆல்வின், பழைய பந்தயக் கார்களுக்கு விலை மதிப்பிடுவதற்கென்றே சென்னையிலிருந்து காலை ரயிலில் கோவைக்கு வந்திறங்கியவர், அவர் விரல் தட்டிய இடத்தில் எழுந்த மொத்தைச் சத்தம் மரகதவல்லிக்குத் தன் விலாவில் கேட்டது, எழுபத்துநான்கு வயதில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவளின் வலது முழங்கை வழியாக, அந்தக் கதவு தார் டிரம்மில் உரசிய அதிர்ச்சி இருபத்திரண்டு வயதிலிருந்து திரும்பி ஏறி வந்தது, கூடவே பந்தய எஞ்சின்கள் கக்கும் விளக்கெண்ணெய்ப் புகை, மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டையில் தன் மூச்சின் ஈரம், உச்சி வெயிலில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம் தண்ணீர் தேங்கியதுபோல் பளபளத்தது, பளபளக்கிறது, இது எப்ப ஆச்சு மேடம், ஞாபகம் இருக்கா, என்று ஆல்வின் கேட்கிறார், ஞாபகமில்லீங்க, என்றாள் அவள், அந்தப் பொய்க்கு அவள் வாய் நன்றாகவே பழகியிருந்தது.

கார் ஷெட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் அண்ணி தங்கநாயகி, அண்ணன் சிதம்பரநாதன் போய் எட்டு மாதமாகிறது, இருந்த வீடு மில்லுக்குச் சொந்தம், மில் கைமாறியதும் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அண்ணிக்கென்று மிஞ்சியது இந்த ஒற்றைக் கார், நல்ல விலை வந்தால் சாயிபாபா காலனியில் தன் பெயரில் இரண்டு அறை வீடு, வராவிட்டால் புனேயில் மருமகன் வீட்டில் ஓர் ஓரமாகக் கட்டில், மருமகன் நல்லவர்தான், நல்லவர் வீட்டிலும் டீ வேண்டுமென்றால் கேட்டுத்தானே வாங்க வேண்டும், ஐம்பது வருடம் ஒரு வீட்டை ஆண்டவளுக்கு அது எப்படி இறங்கும். ஆல்வின் தாளைப் பிரித்துக் காட்டி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார், ஐம்பத்தொன்பதில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போகிறது, அதுவே பெரிய விஷயம், ஆனாலும் வெறும் காராக விற்றால் நாற்பத்தைந்து லட்சத்துக்கு மேல் நகராது, எழுபத்துமூன்று பிப்ரவரியில் சிதம்பரநாதன் ஓட்டி இரண்டாமிடம் வந்த வண்டி இதுதான் என்று குடும்பத்தார் ஒருவர் சாட்சிக் கடிதம் கொடுத்தால், வாங்கக் காத்திருக்கும் ஹைதராபாத்காரர் ஒருவர் எண்பத்தைந்துக்கு இப்போதே தயார், அவரிடம் அன்றைய பத்திரிகைப் படம்கூட இருக்கிறது, கண்ணாடியும் ஹெல்மெட்டும் கட்டிய கைக்குட்டையுமாக ஓர் உருவம், கீழே அண்ணனுடைய பெயர், உலோகத்துக்கு ஒரு விலை மேடம், கதைக்கு ஒரு விலை, என்று சிரித்தார், பிறகு முன் இருக்கைக்கு அடியில் டார்ச்சை அடித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது என்ன, சீட்டு தண்டவாளத்துல நாலு இஞ்ச் முன்னாடி தனியா ஓட்டை போட்டிருக்கே, உங்க அண்ணன் உயரமானவர்தானே, என்றார்.

ஆறடி, ஆறடிக்கு மேலும் ஒரு விரற்கடை, அந்த ஆறடி ஆள் லாரி ஷெட்டில் மண்டியிட்டு, கைத் துரப்பணத்தைச் சுழற்றிச் சுழற்றி அந்த நான்கு ஓட்டைகளையும் போடுகிறான், பந்தயத்துக்கு முந்தின மத்தியானம், அன்று காலைப் பயிற்சி ஓட்டத்தில் வண்டி இரண்டு முறை சுழன்று நின்றிருந்தது, அடி ஒன்றுமில்லை, ஆனால் இறங்கியவனின் கைகள் நடுக்கத்தை விடவில்லை, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, அப்பா கோவையிலிருந்து மில் ஆட்களைப் பஸ் வைத்துக் கூட்டி வருகிறார், வராதீர்கள் என்று யார் சொல்வது, என்னால ஆகாது அம்மிணி, நீ ஓட்டிப்போடு, என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல், இருக்கையைப் பார்த்துக்கொண்டு, உன்ற கால் எட்டோணுமல்ல, என்று இன்னொரு ஓட்டைக்குத் துரப்பணத்தை வைக்கிறான், தோட்டத்துச் சாலையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், அவளுடைய கை தன் கையைவிடச் சுத்தம் என்று முதலில் தெரிந்துகொண்டவனும் அவன்தான், மறுநாள் அவள் அவனுடைய அங்கியை உள்ளே மடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள், கொடி விழுந்தது, பிறகு எதுவும் வரிசையாக நினைவில் இல்லை, வரிசையாக நினைத்துப் பார்க்கத் தன்னை அனுமதித்ததும் இல்லை, டிரம்மின் உரசல், பக்கத்து வண்டியின் சக்கரம் தன் தோளுக்கு நேராக, பின்பு தோளுக்குப் பின்னால், பின்பு காணவே காணோம், ஓடுதளத்தின் கடைசியில் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு அதற்குப் பிறகு அவளுக்கு வரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் உடுப்பு மாறியது, அண்ணன் கோப்பையை வாங்கினான், அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார், அவள் மில் பெண்களோடு நின்று கை தட்டினாள், இரண்டு வருடம் கழித்து அந்தக் கோப்பையைப் பார்த்துத்தான் பொள்ளாச்சிக்காரர் தன் பெண் தங்கநாயகியைக் கொடுத்தார், அண்ணன் அப்புறம் பந்தயம் பக்கமே போகவில்லை, குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சீட்டுச் சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க, என்றவள், நான் சும்மா கேக்கறனுங்க, ஓட்டுனது வேற ஆளுன்னு இருந்தா விலை என்னாகும், என்று கேட்டாள். ஆல்வின் தாடையைத் தடவினார், பேப்பர்ல இருக்கிற பேரும் வீட்டு ஆளுங்க சொல்றதும் ஒண்ணா இருக்கணும் மேடம், மும்பையில ஒரு வண்டிக்கு இப்படித்தான், ஓட்டினது நான்தான்னு ரெண்டு பேர் சொன்னாங்க, வாங்க வந்தவர் வேண்டாம்னு போயிட்டார், சந்தேகம் வந்துட்டா அப்புறம் அது வெறும் பழைய கார், என்றார், தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்த கடிதத்தைக் காரின் முன்மூடியில் வைத்துப் பேனாவையும் நீட்டினார், என் அண்ணன் சிதம்பரநாதன் இந்தக் காரை ஓட்டியதை நான் நேரில் கண்டேன், என்றிருந்தது. நேரில் கண்டவன் அவனல்லவா, டயர் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தவன் அவன், அவள் எதைக் கண்டாள், கண்ணாடிக்கு முன்னால் ஓடிவந்த தார் ரோட்டைத்தான் கண்டாள், இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், உலகத்தில் ஒரே ஒருவருக்காவது, இந்தக் காந்தக்காரருக்காவது, அது தெரிந்துவிடும், அவளுக்கு ஆசையாக இருந்தது, வெட்கமில்லாமல் ஆசையாக இருந்தது, நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அப்போது நாற்காலியில் அண்ணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எங்கோ பார்த்தாள், மரகதவல்லி கையெழுத்துப் போட்டாள், எழுத்து கோணாமல், தேதியோடு.

ஆல்வின் கைகூப்பிவிட்டுப் போய் வாசல் கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டபிறகு, அண்ணி, இப்படி வந்து உக்காரு அம்மிணி, என்றாள், உட்கார்ந்தாள், எதுக்குக் கையெழுத்துப் போட்டே, என்று அண்ணி கேட்டாள், வீடு வேண்டாமா உங்களுக்கு, என்றாள் இவள், அண்ணி தலையாட்டினாள், வேணும், அதனாலதான் நானும் வாயத் தொறக்கல, கல்யாணமான மாசமே எனக்குத் தெரியும் கண்ணு, ஊட்டி போற வழியில மூணாவது வளைவுல வண்டிய ஓரங்கட்டிப்போட்டு உங்கண்ணன் தேம்பித் தேம்பி அழுதாரு, அந்தக் கப்பு என்னுதில்லீன்னாரு, நீ வண்டி ஓட்டுவீன்னு கேள்விப்பட்டிருந்தேன், உங்க தங்கச்சியுதுங்களான்னு நாந்தான் கேட்டேன், தலைய ஆட்டுனாரு, வேற யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு, அவரு போனப்புறம் நீயாச் சொல்லுவீன்னு இருந்தேன், இன்னைக்கு நீ சொல்லியிருந்தீன்னா எனக்கு வீடில்ல, நீ பேனாவ எடுக்கற வரைக்கும் வேண்டாம்னு சொல்லோணும் சொல்லோணும்னு மனசு அடிச்சுக்குச்சு, சொல்லல, பாவிதான் நான், என்றாள். மரகதவல்லிக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம், ஐம்பது வருடமாக ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே கோயிலுக்குப் போய், ஒருநாள்கூடவா, என்று கத்த வேண்டும்போல் இருந்தது, தன் மௌனத்தை இத்தனை காலமும் சும்மாவே கொடுத்துவந்திருந்தாள், இன்றைக்குத்தான் ஒருவர் அதற்கு நாற்பது லட்சம் என்று விலை சொன்னார், அந்தப் பணமும் அண்ணிக்குத்தான் போகிறது, போகட்டும், அதில் அவளுக்கு வருத்தமில்லை, தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த இன்னொருத்தி இத்தனை வருடமும் பக்கத்திலேயே இருந்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அண்ணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, உங்கண்ணன் சொன்ன அந்தப் பக்கத்து வண்டிய எப்படி முந்துனே, சொல்லு, என்றாள், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே அண்ணி, தெரியாட்டி என்ன, இருந்தாலும் சொல்லு, நாங் கேக்கறேன், என்றாள் அண்ணி, மரகதவல்லிக்கு இதை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை, மூணாவது கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு எறக்குனேன் அண்ணி, என்று ஆரம்பித்தாள்.