வாசற்படியைத் தாண்டாத கரை

"கரைய எங்கடி ஒளிச்சு வச்ச?"

"நான் எதுக்கு ஒளிக்கிறேன், தோ தொங்குது பாரு..."

"கடையில அத்தினி பேர் நடுவுல பாதிப் புடவைய விரிச்சு வச்சிக்கினு நான்..."

"அது வரமாட்டேன்னா என்னை இன்னா பண்ணச் சொல்றய்யா?"

முதலாளி கடைக்குக் கலியாணசுந்தரம் நெய்து எடுத்துப்போன பட்டுப்புடவையின் வலது கரை, வாசற்படியில் தானாகக் கழன்று வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. கூடத்து ஃபேனுக்குக் கீழே, அரக்கு நிறத்தில், ஜரிகை பளபளக்க, யாரும் பிடிக்காமலே தொங்கியது. பெரிய காஞ்சிபுரத்தில் அன்று மல்லிகை விலையும் ஏறியிருந்தது.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தறியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருவர் வலப்பக்கமிருந்து அந்தக் கரைக்கு ஊடைநூல் ஓட்டும் நாடாவை வீச வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த இடம் தேவகியுடையது. சமைத்து, துவைத்து, நாடாவுக்குள் போடும் தாரில் நூல் சுற்றி முடித்துவிட்டு வந்து உட்காருவாள். கூலி அவள் கணவன் கலியாணசுந்தரத்தின் கைக்குத்தான் வரும். அதை யாரும் யோசித்ததில்லை, அவள் உட்பட.

கரையைத் தைத்துப் பார்த்தார்கள், பெட்டியில் பூட்டி எடுத்துப் பார்த்தார்கள், காமாட்சிக்கு வேண்டிக்கொண்டார்கள். அது அசையவில்லை. மகள் ஜீவிதாவை அந்தப் பக்கம் உட்கார வைக்கலாம் என்றான் கலியாணசுந்தரம். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது.

"அவ இந்தப் பலகையில ஒக்கார மாட்டா. வெளிய போவா," என்றாள் தேவகி. அவள் வாழ்நாளில் கேட்ட ஒரே வரம் அதுதான்.

முசரவாக்கத்திலிருந்து பொன்னியைக் கூலிக்கு வைத்தார்கள். பொன்னி நெய்த கரை, சொன்னபடி கேட்டுப் படி தாண்டிப் போனது. கூலி கொடுத்த வேலைதான் படி தாண்டும் என்று அப்போதுதான் கலியாணசுந்தரத்துக்கு உறைத்தது. கடையில் போய்ச் சொன்னான்.

"பொண்டாட்டிக்குக் கூலியா? அப்புறம் அது குடும்பமாய்யா, கம்பெனியா?" என்று முதலாளி சிரித்தார். முகூர்த்த நாள் நெருங்க நெருங்கச் சிரிப்பு நின்றது. தேவகியின் கையில் அவள் பங்கு விழுந்த அன்றே கரை இறங்கி வந்து புடவையோடு சேர்ந்துகொண்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. மறுநாள் கலியாணசுந்தரம் சாப்பிட்டுவிட்டு வெளியே போனான். தெருமுனையில் வயிறு காலியாகிவிட்டது. தின்ற சோறு வீட்டுத் தட்டில் சூடாக இருந்தது. சட்டைக் காலரில் தேவகி துவைத்தெடுத்த அழுக்கு திரும்பியிருந்தது. ஆடி பிறப்பதற்குள் தெரு முழுக்க இதே கதை. ஆண்கள் டீக்கடையில் பன் வாங்கித் தின்று தறிச்சாமான் வாங்கப் போனார்கள். பெண்கள் தட்டுகளை மூடி வைத்தார்கள். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். தெரு பழகிக்கொண்டது.

ஜீவிதா வேலையில் சேரும் காலை, முனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. தேவகி அவளுக்குப் பின்னல் போட்டு, பொட்டு வைத்து, வாசல்வரை வந்தாள். பின்னல் அவிழும், தின்ற இட்லி தட்டுக்குத் திரும்பும், அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் பெற்றதற்கும், பால் கொடுத்ததற்கும், டைபாய்டில் மடியில் போட்டுக் காத்ததற்கும் யாரும் எந்தக் காலத்திலும் கூலி கொடுத்ததில்லை. அந்தக் கம்பெனியும் அதற்கு என்ன கூலி என்று கேட்டு வரவில்லை.

வேன் ஹாரன் அடித்தது. தூக்கிய காலைப் படிக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு ஜீவிதா திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் முழுசா வெளிய போவேனாம்மா?"