இரண்டாம் எண் பொத்தான்

தையல்காரரின் மனைவி ஒரு தாளைத் துணி வெட்டும் மேசையில் வைத்து, பறந்துவிடாமல் இருக்கக் கத்தரிக்கோலை அதன் மேல் பாரமாக வைத்தாள். பிசியோ எழுதிக் கொடுத்தது, சனிக்கிழமை கார் பார்க்கப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் நர்ஸ். படுக்கையோடு கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள். அதே நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கப் போகிறவர் பிசியோ. இரண்டு பேருக்கும் ஒரே வட்டாரம் என்பதால் இரண்டு வருடமாக அவருடைய காரிலேயே போய் வந்துகொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவளுக்கு வேறு வட்டாரம். சொந்தமாக ஒரு கார் இல்லாமல் முடியாது. நாற்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, கியர் மாற்றத் தேவையில்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் வாங்கியிருந்தாள். ஆகவே பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்குவது என்று முடிவாகியிருந்தது.

தையல்காரர் கத்தரிக்கோலை நகர்த்தித் தாளைப் படித்தார். பழைய கார் வாங்கும்போது சாதாரணமாக எல்லா வண்டியிலும் இல்லாத எந்தெந்த வசதிகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. வசதி மட்டும் இருந்தால் பரவாயில்லை. பக்கத்திலேயே காரணமும் இருந்தது.

முதுகுத் தாங்கல் உள்ள இருக்கை கட்டாயம், இடுப்பில் வலது பக்கம் வலி இருப்பதால். பக்கக் கண்ணாடியில் எச்சரிக்கை விளக்கு, கழுத்தை இடது பக்கம் முழுதாகத் திருப்ப முடியாததால். சிக்னலில் தானே பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டு, மாலையில் கால் அசந்துபோவதால். இருக்கைச் சூடு, வேலை முடிந்து வரும்போது இதமாக இருக்கும் என்பதால். அடியில் காலை நீட்டினால் திறந்துகொள்ளும் டிக்கி, இரண்டு கையிலும் பை இருக்கும் என்பதால். கடைசியில் ஒரு கோடு போட்டு, சன்ரூஃப் வேண்டவே வேண்டாம், பழசானால் ஒழுகும்.

அவளுக்கு இடுப்பு வலி உண்டு என்பது தையல்காரருக்குத் தெரியும். யாருக்குத்தான் இல்லை? ஆனால் வலது பக்கம் என்பது தெரியாது. இன்னொரு ஆண்பிள்ளையின் கையெழுத்தில் தன் மனைவியின் இடுப்பு என்று எழுதியிருப்பதைப் படித்தபோது, மருத்துவம்தான் என்று புத்தி சொன்னது. வயிறு கேட்கவில்லை. அது பாட்டுக்கு எரிந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் துணி தைக்க அவர் ஒருமுறைகூட டேப் எடுத்ததில்லை. கண்ணால் பார்த்தே வெட்டுவார். அவளுடைய இடது தோள் வலது தோளைவிடக் கட்டை விரல் அகலம் இறக்கம். அந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்து, சீருடை இரண்டு பக்கமும் சமமாக விழும்படி செய்வார். அது தனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று இத்தனை நாளும் ஒரு கர்வம் இருந்தது. இப்போது ஒருத்தன் கழுத்து, கால், இடுப்பு என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான்.

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையுமா என்ற பழமொழி அவர் தொழிலிலிருந்தே எழுந்து வந்து எதிரில் நின்றது. சீ என்று அதைத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் ஒரு கோட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, நீளம் குறைக்கக் கொடுத்திருந்த பேண்ட்டை வாங்கிக்கொள்ள பிசியோவே கடைக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருக்கிறார். யாரையும் வாய் நிறையக் கூப்பிடுகிற ஆள். தையல்காரரை அண்ணே என்பார், அவர் மனைவியை சிஸ்டர் என்பார். முன்பெல்லாம் அந்த வார்த்தை தையல்காரருக்கு நிம்மதியாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் சிஸ்டர் என்பது அவளுடைய வேலையின் பெயர்தானே, உறவின் பெயரா என்ன?

பட்டியலைப் படித்தீர்களா என்று பிசியோ ஆசையாகக் கேட்டார். எழுதியதைப் படிப்பதைவிட நேரில் பார்த்தால் சுலபமாகப் புரியும், என் வண்டி ஏழு வருடப் பழசு என்றாலும் எல்லா வசதியும் இருக்கிறது, ஐந்து நிமிடம் வாருங்கள் என்றார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் தையல்காரர் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்து முன்னிருக்கையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார் பிசியோ. பின்பக்கக் கேமரா, கண்ணாடியில் மினுங்கும் விளக்கு, இருக்கைச் சூடு. அப்புறம் கதவில் இருந்த இரண்டு பொத்தான்களைச் சுட்டினார். ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தது. ஒருவர் தனக்குத் தோதாக இருக்கையைச் சரிசெய்து ஒரு எண்ணில் பதிந்து வைத்துவிட்டால், அடுத்த முறை எண்ணை அழுத்தினால் போதும், இருக்கை தானே அந்த அளவுக்கு வந்துவிடும்.

"ஒண்ணு அம்மாவுக்கு. ரெண்டு சிஸ்டருக்கு. அழுத்திப் பாருங்கண்ணே."

தையல்காரர் அழுத்தினார். இருக்கை முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது, உயர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, இடுப்புக்குப் பின்னால் ஏதோ உப்பி மெதுவாகத் தள்ளியது. ஆறடி ஆளான அவருடைய முழங்கால் இரண்டும் எதிரே இருந்த பலகையில் போய் முட்டி நின்றன. பிசியோ சிரித்தார். தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

முழங்கால் வலியை அவர் கவனிக்கவே இல்லை. அவளுடைய உயரத்திலிருந்து தெரு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் பார்த்தார். இங்கே உட்கார்ந்துதான் இரண்டு வருடமாக அவள் தினமும் காலையைப் பார்த்திருக்கிறாள். என்ன பேசிக்கொண்டு போவார்கள்? வீட்டில் அவள் பேசிய கடைசி நீளமான பேச்சு எது என்று நினைத்துப் பார்த்தார். குழாய் ஒழுகுவதைப் பற்றி.

அவளுடைய அளவு இன்னொருத்தன் காரில், ஒரு பொத்தானுக்குள் பத்திரமாக இருந்தது. அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல், இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று பொய் சொல்லி இறங்கினார்.

சனிக்கிழமை பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனார்கள். கம்பி வேலிக்குள் முப்பது நாற்பது கார்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் வருடமும் ஓடிய தூரமும் எழுதிய அட்டை. விற்பவர் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க முன்னால் நடந்தார். நர்ஸ் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். விற்பவர் நேராகச் சாம்பல் நிறக் கார் ஒன்றின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். ஐந்து வருட வண்டி, ஒரே கை ஓட்டியது, நீங்கள் கேட்டதில் ஒன்றுகூட விட்டுப் போகவில்லை, ஆளை வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றார். அந்த உவமையை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

தையல்காரர் இரண்டு கார் தள்ளி நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தார். மேலே கண்ணாடிக் கூரை பளபளத்தது.

"இதுல சன்ரூஃப் இருக்கே," என்றார்.

"நமக்கு எதுக்குங்க அது?" என்றாள் அவள். "வண்டி ஓட்டறப்ப ரோட்டப் பாக்கவே எனக்கு ரெண்டு கண்ணு பத்தல."

அவர் விடவில்லை. காற்று வரும், வெளிச்சம் வரும், பிற்பாடு விற்றாலும் நல்ல விலை போகும் என்று அடுக்கினார். விற்பவர்கூட, இதில் முதுகுத் தாங்கல் கிடையாதே, அம்மாவுக்கு அதுதானே முக்கியம் என்று இழுத்தார். முதுகுக்கு ஒரு தலையணை தைத்தால் போயிற்று, நான் எதற்கு இருக்கிறேன் என்றார் தையல்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கடைசியில் ஓட்டியாவது பார்ப்போம் என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். விற்பவர் அவளுடைய உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் தனியாக ஒரு சுற்று போய்வரச் சொன்னார்.

சன்ரூஃப் வைத்த வண்டியில் கூரை சற்றுத் தாழ்ந்திருக்கும் என்பது தையல்காரருக்குத் தெரியாது. ஏறி உட்கார்ந்ததும் உச்சந்தலை மேலே இடித்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். வேகத்தடையில் ஏறியபோது டொக்கென்று சத்தம் கேட்டது.

"வசதியா இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

இரண்டாவது வேகத்தடையிலும் டொக். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஒரு வாரமா ஒரு மாதிரியா இருக்கீங்க. என்ன விஷயம்?"

அவர் சாய்ந்த கழுத்தோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மென்று விழுங்கப் பார்த்தார், முடியவில்லை.

"உன்னோட அளவு அந்த ஆள் கார்ல எதுக்கு இருக்கு?"

எந்த அளவு என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற லாரியைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மொத நாள் அவரு கார்ல இருந்து இறங்கறப்ப நிமிர முடியல, கதவப் பிடிச்சுட்டு நின்னேன். எங்க வலிக்குதுன்னு கேட்டாரு. சொன்னேன். மறுநாள் சீட்ட சரி பண்ணி வெச்சாரு. அவ்வளவுதான்."

"எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னேன். மெஷின் ஓடிட்டு இருந்துச்சு."

மெஷின் எப்போது ஓடவில்லை?

"அவரு கேட்டது எனக்குப் பிடிச்சிருந்துச்சு," என்றாள் அவள். "அதையும் மறைக்காம சொல்லிடறேன். யாராச்சும் கேட்டா நல்லாத்தானே இருக்கும். அதுக்கு மேல அங்க ஒண்ணும் இல்ல. நீங்க இருக்குன்னு நெனச்சா, அது என் தப்பில்ல."

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் சந்தேகப்படவில்லை. ஆனால் பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. அதுவரை ஏதேதோ நினைத்து எரிந்தது. இப்போது எரிய ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. ஒருத்தன் கேட்டிருக்கிறான், தான் கேட்கவில்லை. முதலாவதைக் கற்பனை என்று தள்ளிவிடலாம். இதை எங்கே தள்ளுவது?

திரும்பி வந்ததும் வெள்ளை வண்டியிலிருந்து இறங்கி, தலையைத் தடவிக்கொண்டே, சாம்பல் நிற வண்டியைப் பார்க்கலாம் என்றார். அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். அவர் கதவருகே குனிந்து நின்றார்.

"எங்க வலிக்குது? சரியாக் காட்டு."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினாள். முதுகெலும்புக்கு வலப்புறம், இடுப்பில் நாடா கட்டும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே. அவர் அவளுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துக்கொண்டு, தாங்கலின் விசையை அழுத்தச் சொன்னார். உள்ளே காற்றுப்பை உப்பிக் கையைத் தள்ளியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். விற்பவர் நன்றாக வேலை செய்கிறதே என்றார். தையல்காரர் பொறுங்கள் என்றார். நாலாயிரம் கோட்டுக்குள் பஞ்சு எங்கே கட்டியிருக்கிறது என்று தடவியே கண்டுபிடித்த கை அது. ஒரு நிமிடம் போனதும் பை மெல்ல மெல்ல அமுங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாது, உட்கார்ந்திருப்பவருக்கும் சட்டென்று தெரியாது.

"காத்து இறங்குது," என்றார் தையல்காரர். "அரை மணி நேரம் ஓட்டினா தட்டையாயிடும். மாத்திக் குடுங்க, எடுத்துக்கறோம்."

விற்பவர் தானும் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் புதுப் பை போட்டுத் தருவதாகப் பேச்சு. தாளில் எழுதிக் கொடுத்தவன் இதைக் கண்டுபிடித்திருப்பானா என்று நினைத்தபோது தையல்காரருக்குச் சின்னப்பிள்ளைத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும், வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரிப்பை மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பியே வந்தாள்.

கார் வீட்டுக்கு வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பிசியோ பார்க்க வந்தார். வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார். டிக்கிக்கு அடியில் காலை நீட்டித் திறந்து பார்த்தார், முகமெல்லாம் மகிழ்ச்சி. சிஸ்டர் இந்த முதுகுத் தாங்கல் என் வண்டியைவிட நன்றாக இருக்கிறது என்றார். காற்றுப்பை மாற்றிய கதையைத் தையல்காரர் விரிவாகச் சொன்னார், அவசியத்துக்கு மேலேயே விரிவாக. பிசியோ அசந்துபோய், இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்காது அண்ணே என்றார். பாசாங்கில்லாமல் சொன்னார். அதுதான் தையல்காரருக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு சுற்று போய்வரலாம் என்று அவள் சாவியோடு வந்தாள். பிசியோ பழக்க தோஷத்தில் அவளுக்குப் பக்கத்து முன்னிருக்கைக் கதவை நோக்கி நடந்தார். தையல்காரர் எட்டி நடந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டார். இருவரும் ஒரு விநாடி அங்கே நின்றார்கள். பிறகு பிசியோ, நீங்க உக்காருங்கண்ணே என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறினார்.

தெருமுனை தாண்டியதும் பிசியோ பொதுவாகச் சொன்னார்.

"நாளையில இருந்து தனியாத்தான் போகணும். அம்மா சொல்றாங்க, ரேடியோவாச்சும் போட்டுக்கடான்னு."

அவள் கண்ணாடியைப் பார்த்து வளைவில் திருப்பினாள். தையல்காரர் பக்கக் கண்ணாடியில் பிசியோவின் முகத்தைப் பார்த்தார். வெளியே கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார் அந்த மனிதர். அவர் சொன்னது தையல்காரருக்குக் கொஞ்சம் இனித்தது. இனித்ததை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. போகும் வழியில் எங்காவது நிறுத்தி, நீங்கள் முன்னால் வாருங்கள் என்று சொல்லலாமா என்றுகூட ஒருமுறை யோசித்தார். யோசித்தாரே தவிர, வீடு திரும்பும்வரை அவர் இடம் மாறவில்லை.