கட்டைவிரல் போட்ட லைட்

செல்வலட்சுமி மாடிப்படியில் விழுந்ததற்கு வாஞ்சிநாதனின் வலது கட்டைவிரல்தான் காரணம். படியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மட்டாஞ்சேரியில் நூறு வருஷமாக நிற்கிற வீட்டின் மரப்படி செங்குத்தாகத்தான் இருக்கும். ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் லைட் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். வீட்டு வேலை பார்க்கிற செல்வலட்சுமியும் போட்டுக்கொண்டுதான் ஏறினாள். ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் கப்பைக்கிழங்குப் பை, பத்தாவது படி. மேலே நடு ரூமில், விரித்த பேப்பருக்குப் பின்னால் ஃபோனை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாஞ்சிநாதன் அந்த நேரம் பார்த்து அழுத்தினார். படி இருண்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தில் பால் எது, கிழங்கு எது, செல்வலட்சுமி எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

"ஏ ஆத்தா! சாமீ! ஒங்க கரண்டுப் பேயி என் காலை ஒடிச்சிட்டு!"

விளக்கேற்றுகிற நேரத்தில் வீடு இருட்டாக இருந்தால் லக்ஷ்மி படி ஏற மாட்டாள் என்பது அவர் மனைவி கங்காவின் கட்சி. இந்த லட்சுமி ஏறினாள், பாதி தூரம். வாஞ்சிநாதனுக்கு அந்த நிலைமையிலும் இப்படித்தான் தோன்றியது. தோன்றியதை உடனே சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை என்பதும் கூடவே தோன்றியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கரண்டுப் பேய் என்று செல்வலட்சுமி சொன்னது, உள்ரூமில் கங்காவின் கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் கறுப்பு இட்லி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கரை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன ரூமில் லைட் போடு என்றால் போடும். மே மாசத்தில் மகள் அஞ்சனா வைட்டிலாவிலிருந்து அதையும் ஒரு பெட்டி பல்புகளையும் கொண்டுவந்து மாட்டினாள். "ஓரோ ரூமுக்கும் ஒரு பேர் வெக்கணும்பா," என்று ஃபோனை நீட்டினாள். வாஞ்சிநாதன் வைத்தார். நடு ரூம். சமையல் ரூம். அஞ்சனா ரூம், அவள் கல்யாணமாகிப் போய் ஒன்பது வருஷமாகிறது. மிளகு ரூம், அவர் மிளகு கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அதில் ஒரு மணி மிளகுகூடக் கிடையாது. கடைசியாக, கங்கா ரூம்.

மீந்துபோன ஒரு பல்பை முந்தின நாள்தான், தனக்கும் இஞ்சினீயர் மூளை உண்டு என்ற நினைப்பில், அவரே மாடிப்படியில் மாட்டினார். படியை ரூம் என்று சொல்ல மனம் வரவில்லை. எங்கே சேர்க்கலாம் என்று ஃபோன் கேட்டதும், கேட்டவனை விரட்டுகிற அவசரத்தில், 'கங்கா ரூம்' என்று அழுத்திவிட்டார். அன்றிலிருந்து படியும் உள்ரூமும் ஃபோனுக்கு ஒரே ரூம். படியில் லைட் எரிந்துகொண்டிருக்கும்போது கங்கா ரூமை அழுத்தினால், 'ஓ, அணைக்கச் சொல்கிறார்' என்று அது எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது.

அது சரி, கங்காவின் ரூம் லைட்டை அவர் எதற்கு நடு ரூமில் ஒளிந்துகொண்டு போட வேண்டும்?

ஜனவரியில் கங்காவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. புத்திக்கு ஒரு குறைவும் இல்லை. எல்லாம் புரியும், எல்லாம் ஞாபகம் உண்டு. வாயிலிருந்து மட்டும் "ஆ... ஐ" என்பதற்கு மேல் வராது. முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் பேசுகிற வேலை முழுவதும் கங்காவுடையது. இடையிடையே ஒரு ஜோக் சொல்லித் திட்டு வாங்குவது மட்டும்தான் வாஞ்சிநாதனின் டிபார்ட்மெண்ட். இப்போது திட்ட ஆளில்லாமல் அவருடைய ஜோக்குகள் வீட்டுக்குள் அநாதையாக அலைந்தன.

கங்கா இனிமேல் பேசுவாளா? வாஞ்சிநாதனுக்குத் தெரியவேண்டியது இது ஒன்றுதான். டாக்டரிடம் கேட்டார். "நோக்காம்," என்றார். நர்ஸிடம் கேட்டார். "நோக்காம் ஸ்வாமி." மலையாளத்தில் பார்க்கலாம் என்று அர்த்தம். கல்யாண புரோக்கர் முதல் குழாய் ரிப்பேர்காரன் வரை அந்த ஊரே இந்த ஒரு வார்த்தையின் மேல்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரி மட்டும் என்ன விதிவிலக்கா. தேவராவிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிற ஸ்பீச் தெரபிஸ்ட் ஸ்நேஹா, தமிழ் சினிமா பார்த்தே தமிழ் படித்த பெண், அவளும் சிரித்துக்கொண்டு, "நோக்காம் அங்கிள், பிராக்டிஸ்தான் முக்கியம்," என்றாள். ஸ்பீக்கர் வந்தவுடன் அவளுக்கு ரொம்ப சந்தோஷம். "இது நல்ல ஐடியா ஆக்கும். லைட் வந்தா ஆன்ட்டிக்கு ஒரு உற்சாகம் வருமே."

முதல் மூன்று நாள் கங்கா அந்தக் கறுப்பு இட்லியைப் பார்த்து நாற்பது, ஐம்பது தடவை கூப்பிட்டாள். அது நாற்பது, ஐம்பது தடவை, மன்னிக்கவும், புரியவில்லை என்று இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னது. மூன்றாம் நாள் சாயங்காலம் கங்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நடு ரூமில் உட்கார்ந்திருந்த வாஞ்சிநாதன் ஃபோனை எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு கடைசி "ஆ... ஐ" வந்தது. அழுத்தினார்.

லைட் வந்தது. கங்கா சிரித்தாள். சிரிக்க முடிந்த பாதி வாயால்தான் சிரித்தாள். ஆனால் ஜனவரிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் எழுந்து போய், 'நான்தான் போட்டேன்' என்று சொல்ல வேண்டுமென்றால் அவன் மகானாக இருக்க வேண்டும். வாஞ்சிநாதனுக்கு அந்த மாதிரிக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை. ஸ்பீக்கர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடாமல் அதன் குரலை அடியோடு குறைத்துவைத்தார். ஒவ்வொரு தடவையும் போட்டால் சந்தேகம் வரும் என்று மூன்றில் ஒரு தடவை போடாமல் விட்டார். கூப்பிட்டவுடன் போடாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிப் போட்டார். ஸ்நேஹா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் போட்டார். ஸ்நேஹா ஃபைலில் குறித்துக்கொண்டாள்: இருபதில் ஒன்பது, அடுத்த மாசம் இருபதில் பதிமூன்று. "நமக்கு இன்னும் கிளியரா கேட்கல அங்கிள், ஆனா மெஷீனுக்கு என்னமோ மனசிலாகுது. சின்ன இம்ப்ரூவ்மெண்ட் உண்டு."

இங்கேதான் வாஞ்சிநாதனின் புத்தி செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். போட்டது தன் கட்டைவிரல் என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், ஸ்நேஹா இம்ப்ரூவ்மெண்ட் என்று சொன்ன அன்று டீக்கடையில் மூன்று பேருக்கு சாயா வாங்கிக் கொடுத்தார். ஜூனில் டாக்டரும் அதே வார்த்தையைச் சொன்னபோது, படகு ஜெட்டி வரை நடந்துபோய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தார். படித்தவர்கள் இரண்டு பேர் சொல்கிறார்கள், ஏதோ இல்லாமலா சொல்வார்கள்? தன் விரலைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்று நம்பினார்.

கங்காவும் நம்பினாள். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கத்தினாள்.

செல்வலட்சுமியின் கால் ஒடியவில்லை, பிசகியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, சமையல் ரூமில் உட்கார்ந்தபடியே வாஞ்சிநாதனை வேலை வாங்கினாள்.

"அடுப்பைச் சிம்முல வைங்க சாமி. அதைக் கரண்டுப் பேய்கிட்டச் சொல்லிராதீக. அது வீட்டையே கொளுத்திப் போடும்."

"அதுக்கு அடுப்பு கனெக்ஷன் குடுக்கலை."

"நல்ல வேளைக்கு. ஒங்க கையில குடுத்தா என்னத்தையும் கனெக்ஷன் குடுத்திருவிய. சங்கரங்கோயில்ல எங்க வீட்டுல ஒரே பல்பு, ஒரே சுவிச்சு. இன்னை வரைக்கும் ஒருத்தரும் படியில விழலை."

"உங்க வீட்டுல படி உண்டா?"

"படி எதுக்கு சாமி? நாங்க என்ன ஆகாசத்துலயா குடியிருக்கோம்?"

நாலு மணிக்கு அஞ்சனா பேங்கில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். செல்வலட்சுமியின் காலைப் பார்த்தாள். "ஃபோனைத் தாங்கோ, படி லைட்டை நானே வேற ரூமாக்கறேன்," என்று அப்பாவின் ஃபோனை வாங்கிக்கொண்டு சமையல் மேடை ஓரமாக நின்றாள். வெளியே துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. உள்ரூமில் ஸ்நேஹா கங்காவுக்கு உதடு மசாஜ் செய்துகொண்டிருந்தாள்.

அஞ்சனா ஏதோ படித்தாள். விரலால் கீழே தள்ளினாள். இன்னும் தள்ளினாள்.

"அப்பா, எந்தா இது?"

எந்த ரூமில் யார் எப்போது லைட் போட்டார்கள் என்று அந்த ஃபோன் வரிசையாக எழுதி வைத்திருந்தது. அது அப்படி எழுதி வைக்கும் என்று வாஞ்சிநாதனுக்குத் தெரியாது. கங்கா ரூம்: ஃபோனிலிருந்து ஆன். ஃபோனிலிருந்து ஆன். ஃபோனிலிருந்து ஆன். மே வரைக்கும் போனது. ஸ்பீக்கர் காதில் விழுந்ததற்குத் தனியாக இன்னொரு வரிசை. புரியவில்லை. புரியவில்லை. புரியவில்லை. அதுவும் மே வரைக்கும்.

"ஒரு தடவைகூட இல்லையா அப்பா? ஒரே ஒரு தடவை?"

வாஞ்சிநாதன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. ஆயிரத்தில் ஒரு தடவையாவது தன் விரல் படாமல் வந்திருக்கும் என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கணக்கு இருந்தது. அஞ்சனா கடைசி வரை தள்ளினாள். இல்லை.

"அம்மா தினம் நாலு மணி நேரம் கத்தறா. தொண்டை வீங்கியிருக்கு, கண்டேளோ?"

"எனக்கும் கட்டைவிரல் வீங்கியிருக்கு," என்றார். வாயிலிருந்து வந்துவிட்டது. செல்வலட்சுமிகூடச் சிரிக்கவில்லை. அவள் கட்டுப்போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "நெசமாவே பேயி இல்லையா சாமி? நீங்கதானா?" என்று கேட்டாள்.

கை துடைத்துக்கொண்டே வந்த ஸ்நேஹா வாசலில் நின்றுவிட்டாள். அஞ்சனா ஃபோனை அவளிடம் நீட்டினாள். ஸ்நேஹா நின்றபடியே படித்தாள். கோபப்படுவாள் என்று வாஞ்சிநாதன் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் பையிலிருந்து ஃபைலை எடுத்தாள், அந்த ஒன்பதையும் பதிமூன்றையும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள், மூடினாள்.

"அங்கிள், ஜூன்ல டாக்டர் என்கிட்ட கேட்டாரு, தெரபியை நிறுத்திடலாமான்னு. ஆறு மாசத்துல எதாவது வரணும். வரல. நிறுத்தலாம்னு சொல்லத்தான் நானும் நெனச்சிருந்தேன். ஆனா லைட் வருதே, எப்படிச் சொல்றது? வேண்டாம் சார், ஆன்ட்டிக்கு இம்ப்ரூவ்மெண்ட் உண்டுன்னு சொன்னேன். அதைத்தான் அவர் உங்ககிட்ட சொன்னாரு."

"அப்போ டாக்டர் சொன்னது..."

"நான் சொன்னது."

"நீ சொன்னது..."

"லைட் சொன்னது அங்கிள்."

வாஞ்சிநாதன் கிழங்குக் கூடையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷம், அடியில் சொத்தையை நிரப்பி மூட்டையின் மேல்வாயில் மட்டும் நல்ல மிளகைப் பரப்பி அனுப்பின கம்பெனியில் வேலை பார்த்த ஆள். அந்த வித்தையெல்லாம் தெரிந்த ஆள். தானே பரப்பின மூட்டையைத் தானே திரும்ப வாங்கி, ஐந்து மாசமாக முகர்ந்து முகர்ந்து பார்த்து ஆகா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஜோக்கை இதுவரை அவர் அடித்ததில்லை. கேட்டால் கங்கா விழுந்து விழுந்து திட்டியிருப்பாள்.

மழை பிடித்துக்கொண்டது. சமையல் ரூமில் லைட் போட யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆ... ஐ."

நாலு பேரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக, சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்துவிட்டு, "ஆ... ஐ." ஸ்நேஹா ஃபோனை மேடைமேல் வைத்தாள். கை எட்டுகிற தூரம்தான். அஞ்சனா அப்பாவைப் பார்த்தாள்; போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. வாய் மேல் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"இருட்டிட்டுல்லா," என்றாள் செல்வலட்சுமி. "நான் உள்ள போயி சுவிச்சைப் போடுதேன். இந்தக் கால் என்ன கால்." எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, உட்கார்ந்தாள்.

மூன்றாவது தடவை குரல் வந்தபோது அது உடைந்திருந்தது. நாலாவது தடவை மெலிந்திருந்தது. வாஞ்சிநாதனின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே மடங்கி நிமிர்ந்தது. அதை மற்ற விரல்களுக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்நேஹா."

"சொல்லுங்க அங்கிள்."

"நோக்காம்னு மட்டும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்டுக்கறேன். டாக்டர் வேண்டாம், லைட் வேண்டாம், ஃபைலும் வேண்டாம். உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. கங்கா பேசுவாளா?"

ஸ்நேஹா அவருக்கு எதிரில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே கங்கா ஐந்தாவது தடவைக்காக மூச்சு இழுப்பது மழைக்கு நடுவிலும் கேட்டது.

"இல்ல அங்கிள்," என்றாள். "ஆன்ட்டி இனிமே பேச மாட்டாங்க."