கடலைத் தாண்டிய கோடு

ஏழாவது அத்தியாயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தான். பதினான்கு நகைச்சுவை நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவன். எல்லாவற்றிலும் கல் பைத்தியம் பிடித்த ஓர் அத்தை வருவாள். அது யார் என்று ஊருக்கே தெரியும். புரூஃப் ஒவ்வொன்றும் முதலில் என்னிடம்தான் வரும். பிழை திருத்துவேனே தவிர, ஒரு நாளும் சிரித்ததில்லை. நம்மை வைத்து நாலு பேர் சிரிக்கும்போது நாமும் பல்லைக் காட்ட வேண்டுமா என்ன? இது பதினைந்தாவது. இதற்கு மேல் எழுத உடம்பு விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கதையில், அத்தை தோண்டியெடுத்த கற்களுக்கு நடுவே அவள் தம்பி ஒரு கருப்புச் சில்லைப் போட்டுவிடுகிறான். கடல் கடந்த சுற்றுலாவில், கடையில் வாங்கியது. அவள் அதை வைத்துக்கொண்டு வரலாற்றையே மாற்றி எழுதுகிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசி வரியில், அந்தச் சில்லின் ஓரத்தில் பிறை மாதிரி ஓர் உடைசல் இருந்ததாக எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு நின்றது.

என் வேலை எரிமலைக் கண்ணாடி. எரிமலைக் குழம்பு சட்டென்று ஆறி உண்டாகும் கருப்புக் கல். ஆதி மனிதர்கள் அதில்தான் கத்தி செய்தார்கள். எந்த மலையின் கல் என்பதை எக்ஸ்ரே கருவி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். கல் கிடைத்த இடத்திலிருந்து அது பிறந்த மலைக்கு, அலுவலகச் சுவரில் உள்ள வரைபடத்தில் சிவப்புக் கயிறு கட்டுவேன். மிக நீளமான கயிறு கடலைத் தாண்டிப் போகும். ஆறாயிரம் வருடத்துக்கு முன்பே மனிதர் அந்தக் கடலைக் கடந்தார்கள் என்று நான் சொன்னது ஒரே ஒரு சில்லை நம்பித்தான். என் பேர் முழுக்க அந்தக் கயிற்றில்தான் தொங்கியது. அந்தச் சில்லின் ஓரத்திலும் பிறை மாதிரி உடைசல் உண்டு.

"இது கதைதானே?"

"இல்லக்கா." அவன் போர்வையை நீவினான். "உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் போட்டேன். நீ வீடு பூரா குதிச்ச. அவ்வளவு சந்தோஷமா உன்ன நான் பாத்ததே இல்ல. அப்புறம் சொல்ல வாயே வரல."

"இருபத்திரண்டு வருஷமாடா?"

"அந்த அத்தியாயத்த எடுத்துடறேன். யாருக்கும் தெரியாது. உன் வரைபடம் புஸ்தகமா வரப்போற நேரம்."

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைவதற்கு அந்தக் கன்னத்தில் சதை இல்லை.

"எடுக்காத," என்றேன். "அது ஒண்ணுலதான் எனக்கே சிரிப்பு வந்துச்சு."

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போன் செய்து என் புத்தகத்தை நிறுத்தச் சொன்னேன். பிறகு அலுவலகத்தில் நாற்காலியில் ஏறி, அந்த நீளக் கயிற்றின் இரண்டு குண்டூசிகளையும் பிடுங்கினேன். கயிறு தரையில் விழுந்தது. இத்தனை வருட வெயிலில் கடலெல்லாம் வெளிறிப் போயிருந்தது. கயிறு மறைத்திருந்த இடம் மட்டும், கரையிலிருந்து கரைக்கு, புது நீலமாக இருந்தது.