பதினோராவது பெயர்

ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பாயைச் சுருட்டி வைத்த கையோடு ஸஹாப்தீன் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கதிரையில் போட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். “மேடையிலே வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே” என்று அவர் ஆரம்பித்தபோது குசினியில் மனைவி ஸவாஹிரா பிட்டுக்குழலில் மாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு அவளுக்குப் புதிதல்ல. மூன்று கிழமையாக ஒவ்வொரு விடியலிலும் கேட்கிற பேச்சு. முதல் நாள் சிரிப்பு வந்தது. நாலாம் நாள் எரிச்சல் வந்தது. பத்தாம் நாள் பார்த்தால் அவளுடைய உதடுகளும் கூடவே அசைந்துகொண்டிருந்தன. இப்போது அவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் வலது கையைத் தூக்குவார் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம்.

ஸஹாப்தீன் பண்டாரவளைக் கடைத்தெருவில் ஸரூக் ஹாஜியாரின் பிடவைக்கடையில் பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவர். அவர் கத்தரி வைத்தால் ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. வாய்தான் வராது. ஹாஜியார் கூப்பிட்டால் “ஓம் ஹாஜியார்” என்பதே அந்தப் பதினெட்டு வருஷத்து உரையாடல். இப்படியே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது, நாமும் நாலு பேர் மதிக்கிற ஆளாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. ரேடியோவில் ஆங்கிலம் படித்தார். ஏழாம் பாடத்தோடு நின்றது. விடியற்காலையில் கையைக் காலை ஆட்டித் தேகப்பயிற்சி செய்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்தார். கடைசியாகச் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனபோது நடைபாதையில் பேச்சுக்கலை பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கி வந்தார். அது மட்டும் அவரை விடவில்லை. மேடையில் இருக்கிறவர்களில் ஒருவரை விளிக்க மறந்தாலும் பேச்சாளனுக்கு ஆயுள் முழுக்க ஒரு பகையாளி உண்டாகிவிடுவான் என்று அதில் போட்டிருந்த வரிக்கு அவர் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

ஸவாஹிரா இதையெல்லாம் கேலி செய்யாமல் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இந்தப் பேச்சு மகள் றஷீனாவுக்கான பேச்சு. எண்பத்தோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சை முடிவு வந்தபோது ஊர் முஸ்லிம் பாடசாலையில் பதினோரு பெண்பிள்ளைகள் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு எடுத்திருந்தார்கள். றஷீனாவும் அதில் ஒருத்தி. ஆனால் அங்கே உயர்தரத்தில் விஞ்ஞான வகுப்பு இல்லை. பதுளைக்குப் பஸ் ஏறிப் போய் ஆண்பிள்ளைகளோடு இருந்து படிப்பதற்கு அவர்கள் குடும்பங்களில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்காதவர்களில் முதல் ஆள் ஸஹாப்தீன். வகுப்பு இங்கேயே வந்தால் பிள்ளை படிப்பாள். வராவிட்டால் வீடு, அடுத்த வருஷம் மாப்பிள்ளை விசாரிப்பு, அவ்வளவுதான்.

வகுப்புக் கேட்டு இரண்டு தடவை மகஜர் அனுப்பியும் பதிலில்லை. பாடசாலை அதிபர்தான் பெற்றார் சங்கத்துச் செயலாளரான ஸஹாப்தீனைக் கூப்பிட்டு வழி சொன்னார். புதிய வாசிகசாலையைத் திறந்து வைக்கக் கல்வி அதிகாரி வருகிறார். விஞ்ஞான ஆசிரியர் நியமனங்கள் இப்போது அவர் கையில்தான் இருக்கின்றன, மாதக் கடைசியில் பட்டியல் முடிந்துவிடும். “நான் டிபார்ட்மென்ட் ஆள், மேடையில வெச்சி நான் கேக்க ஏலாது. நீங்க பெற்றார். சபைக்கு முன்னால கேட்டீங்க எண்டா அவரு சபைக்கு முன்னாலயே பதில் செல்லித்தான் ஆகோணும்” என்றார். ஐந்து நிமிடம் தருவதாகவும் சொன்னார்.

அந்த ஐந்து நிமிடத்தை ஸஹாப்தீன் துணியைப்போல அளந்து வெட்டியிருந்தார். விளிப்புக்கு ஒரு நிமிடம். கல்வியின் மகிமைக்கு இரண்டு நிமிடம். கோரிக்கைக்கு இரண்டு நிமிடம். கல்வி ஒரு விளக்கு என்று முடித்து, “அந்த விளக்கை ஏந்தக் காத்திருக்கிறார்கள் எங்கள் பிள்ளைகள் பதினோரு பேர்” என்று வலது கையைத் தூக்கி, ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும். ஜெமீலா முதலாவது. தன் பிள்ளையை முன்னால் வைத்தால் சுயநலம் என்பார்கள் என்று றஷீனாவைக் கடைசியில் வைத்திருந்தார். விடியலில் றஷீனாதான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்பாள். பதினோராவதாகத் தன் பெயர் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு, “சரியா அஞ்சி நிமிசம் வாப்பா” என்பாள். அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே ஸவாஹிரா அடுப்பை விட்டு எட்டிப் பார்ப்பாள். புதிய வகுப்புச் சீருடைக்கென்று வெள்ளைப் பொப்லின் துணி நாலு யார் அளந்து வெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்து அலுமாரியில் இருந்தது.

கூட்ட நாளில் மண்டபத்தின் நடுவே திரை கட்டி ஒரு பக்கம் ஆண்களும் மறு பக்கம் பெண்களும் இருந்தார்கள். மேடை இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தது. ஸவாஹிராவும் றஷீனாவும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். ஸவாஹிரா முதலில் மேடைக் கதிரைகளை எண்ணினாள். ஐந்து பேர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பதினான்கு பேர் இருந்தார்கள். அதிகாரி வருகிறார் என்றதும் பள்ளிவாசல் நிர்வாகிகள், சங்கத் தலைவர்கள், தபால் அதிபர், ஓய்வுபெற்ற இரண்டு அதிபர்கள் எல்லோருக்கும் மேடையில் வேலை வந்துவிட்டிருந்தது. அவள் மறுபடியும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

ஸஹாப்தீன் எழுந்து வந்தார். தைத்துப் போட்ட புதுச் சட்டை. “மேடையிலே வீற்றிருக்கும்” என்று அவர் தொடங்கியபோது மண்டபம் அடங்கியது. அந்தக் குரல் இத்தனை நாளும் எங்கேயிருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் ஒருவரையும் விடவில்லை. ஆளுக்கொரு அடைமொழி வைத்து, வரிசை தவறாமல் பதினான்கு பேரையும் விளித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆளின் பக்கத்தில் கைதட்டல் எழுந்தது. கைதட்டல் அடங்கும்வரை நிற்க வேண்டும் என்பதும் புத்தகத்தில் உள்ளதுதான், அவர் நின்றார். கடைசிப் பெயரில் நிற்கும்போது ஸரூக் ஹாஜியார் பிந்தி வந்து மேடையேறினார். அவருக்குக் கதிரை தேடிப் போடும்வரை காத்திருந்து, “எனது வாழ்வுக்கு ஒளியூட்டிய கொடைவள்ளல் அவர்களே” என்று ஸஹாப்தீன் கூப்பிட்டார். ஹாஜியார் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். பதினெட்டு வருஷத்தில் ஹாஜியார் தன் புருஷனை நிமிர்ந்து பார்த்ததை ஸவாஹிரா அன்றைக்குத்தான் கண்டாள். அந்த ஒரு கணம் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“மூணு நிமிசம்” என்றாள் றஷீனா, கைக்கடிகாரத்தைப் பார்த்து மெதுவாக.

ஸஹாப்தீன் கல்வியின் மகிமைக்கு வந்தார். அதையும் சுருக்கவில்லை. சுருக்க அவருக்குத் தெரியாது. துணியைப் பாதியில் கிழிக்க அவர் கை பழகியதில்லை. நாலாம் நிமிடத்து எச்சரிக்கை மணி அடித்தது. அவர் கல்வி ஒரு பொக்கிஷம் என்ற இடத்தில் நின்றார். விளக்குக்கு இன்னும் ஆறு வரி இருப்பது ஸவாஹிராவுக்குத் தெரியும். அவள் உதட்டுக்குள்ளேயே ஓடிப்போய் ஜெமீலாவைத் தொட்டுவிட்டு அவருக்காகக் காத்திருந்தாள். அவர் வரவில்லை. வந்தார், வந்துவிட்டார். “அந்த விளக்கை ஏந்த” என்று வலது கையைத் தூக்கினார். மணி அடித்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது. அவர் மணி அடித்த ஆசிரியரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். ஒரு வரி போதும், பெயர்கூட வேண்டாம், ஒரு வகுப்புத் தாருங்கள் என்றால் போதும். ஸவாஹிராவின் வாய் திறந்தது. அவள் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். முழுப் பேச்சும் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்திலிருந்த பெண் காலை ஒதுக்கிக்கொண்டு, “வெளிய போகவா?” என்று கேட்டாள். ஸவாஹிரா உட்கார்ந்துவிட்டாள்.

“நேரத்தின் அருமை கருதி எனது சிற்றுரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்” என்று ஸஹாப்தீன் தூக்கிய கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். மண்டபம் இடிகிற மாதிரிக் கைதட்டினார்கள்.

கடைசியாகக் கல்வி அதிகாரி பேசினார். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அது இல்லை, இது இல்லை என்ற பல்லவிதான், இங்கேதான் ஒரு குறையும் சொல்லாமல் கல்வியின் பெருமையைப் பேசுகிற பெற்றாரைப் பார்க்கிறேன் என்றார். அதிபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புத்தளையில் இன்னொரு கூட்டம் என்று அதிகாரி தேத்தண்ணியும் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார். ஜீப்புக்குப் பக்கத்தில் போக ஸஹாப்தீன் முயலத்தான் செய்தார். கைகொடுக்க வந்தவர்கள் விடவில்லை. அவரும் ஒவ்வொரு கையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாடசாலைப் படலைக்கு வெளியே மாரிசாமி நின்றிருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து படித்த, பத்தாவது பெயரான ஜெயலெட்சுமியின் தகப்பன். அன்றைக்கு வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போகாமல் தோட்டத்திலிருந்து ஐந்து மைல் நடந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, அதன்மேல் ஒரு பழைய கோட்டு.

“பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்றார். “இம்புட்டு நல்லா யாரும் பேசி நான் கேட்டதில்ல.” பிறகு கொஞ்சம் தயங்கினார். “நம்ம புள்ளைக விசயம் அடுத்த கூட்டத்துலயா சொல்லப்போறீங்க?”

“மணி அடிச்சிட்டாங்க மாரிசாமி” என்றார் ஸஹாப்தீன்.

“ஆமாங்க, கேட்டுச்சுங்க” என்றார் மாரிசாமி. கூட நின்ற மகளை முன்னால் நடக்கவிட்டு அவர் தோட்டத்துப் பாதையில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் ஸஹாப்தீன் புதுச் சட்டையைக் கழற்றாமலே இருந்தார். ஸவாஹிரா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தாள். யாரும் கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினார். “ஒருத்தர விட்டா அவர் மனசு நோகும். பெரிய ஆக்கள். மணி அடிச்சா நிப்பாட்டத்தான் வேணும், அதுதான் மேடை மரியாத. நான் கடிதம் எழுதுறேன்.” நானும் எழும்பி உட்கார்ந்தவள்தானே என்று ஸவாஹிரா நினைத்தாள். றஷீனா கைக்கடிகாரத்தைக் கழற்றி அலுமாரியில் பொப்லின் துணிக்கு மேலே வைத்தாள். அவள் அழுதிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லாயிருந்திருக்கும்.

கடிதத்துக்குப் பதில் ஒன்றரை மாதம் கழித்து வந்தது. இவ்வருடத்துக்கான நியமனங்கள் நிறைவுபெற்றுவிட்டபடியால் தங்கள் வேண்டுகோள் அடுத்த வருடம் கவனத்திற் கொள்ளப்படும் என்று இரண்டே வரி. அதற்குள் ஜெயலெட்சுமி தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். ஜெமீலாவுக்கு மாப்பிள்ளை சரிவந்துவிட்டது. நாலு யார் பொப்லினில் றஷீனா தலையணை உறை தைக்க ஆரம்பித்தாள். மிச்சத் துணி வீணாகக் கூடாது என்று அளந்து, வாப்பாவைப்போலவே ஒரு நூல் பிசகாமல் வெட்டினாள்.

ஸஹாப்தீனுக்கோ ஊரில் பெயர் வந்துவிட்டது. கலியாண வீட்டில் வாழ்த்துரை, மரணித்தவருக்கு அனுதாப உரை, சங்கத்தில் வரவேற்புரை என்று கூப்பிட்டார்கள். ஹாஜியார் கடையில் வாடிக்கையாளர்களிடம் “நம்மட பேச்சாளர்” என்று அவரைக் காட்டினார். ஒவ்வொரு கூட்டத்துக்குப் போகும்போதும் அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடுவதை ஸவாஹிரா கவனித்தாள். ஆனாலும் போனார். இத்தனை வயதில் கிடைத்த மரியாதையை ஒரு மனுஷன் எப்படி வேண்டாம் என்பான் என்றும் அவளுக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மார்கழியில் கல்வி அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடைக் கூட்டத்தில் பெற்றார் சார்பில் ஸஹாப்தீன்தான் பேச வேண்டும் என்று அதிபரே ஆளனுப்பினார். மறுநாள் விடியலில் அவர் மறுபடியும் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். மப்ளரை அவிழ்த்துக் கதிரையில் போட்டார். பிறகு, “மகள், நேரம் பாக்கிறியா?” என்று கேட்டார்.

றஷீனா தையலை வைத்துவிட்டு எழுந்தாள். அலுமாரியிலிருந்து கைக்கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். முன்பு நின்ற அதே வாசற்படியில் போய் நின்றாள்.

“மேடையிலே வீற்றிருக்கும்” என்று ஸஹாப்தீன் தொடங்கினார். வெளியே பனி இன்னும் கலையவில்லை. ஸவாஹிரா குசினியில் திருவலைப் பலகையில் உட்கார்ந்து பிட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் அசைந்தன. ஆனால் அவர் சொல்வது அவளிடம் வரவில்லை. அந்த விளக்கை ஏந்தக் காத்திருக்கிறார்கள் எங்கள் பிள்ளைகள் பதினோரு பேர். ஜெமீலா. ஸுபைரா. உம்மு குல்தூம். ஸுலைஹா. அங்கே அவர் அதிகாரியின் நேர்மையைப் புகழ்ந்தார், கடமையுணர்வைப் புகழ்ந்தார். இங்கே அவள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். பத்தாவது ஜெயலெட்சுமி. அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்போல. முன்னறையில் குரல் சட்டென்று நின்றது.

“அஞ்சி நிமிசம் முடிஞ்சிது வாப்பா” என்றாள் றஷீனா.

திருவலையின் சத்தம் மட்டும் கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்தது. தேங்காய் எப்போதோ தீர்ந்து வெறும் சிரட்டைதான் கையில் மிஞ்சியிருந்தது. ஸவாஹிரா இன்னும் திருவிக்கொண்டே இருந்தாள். வெள்ளைத் தேங்காய்ப்பூவின்மேல் சிரட்டைத் தூள் மண்ணிறமாக உதிர்ந்துகொண்டிருந்தது.