உட்பட, உட்பட்டு

வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவில் அவருக்குக் 'காற்புள்ளி' என்று பட்டப்பெயர். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் சிவப்பு மையில் ஒரு காற்புள்ளியாவது போடாமல் விடமாட்டார். எழுதியது சகலை என்றால் காற்புள்ளியோடு நிற்காது.

சகலைக்கும் அதே அமைச்சகத்தில்தான், இரண்டு அறை தள்ளி வேலை. வயதில் ஆறு வருடம் இளையவர். ஆறு அண்டை நாடுகள் சேர்ந்து ஒரு பொது மனித உரிமை நீதிமன்றம் அமைக்கப்போகும் ஒப்பந்தத்தை எழுதியவர் அவர். இன்று மூன்று மணிக்குக் கையெழுத்து. அமைச்சரோடு விமானம் ஏறியவரும் அவர்தான். காற்புள்ளிக்கு மிஞ்சியது கோப்பின் நகலும் கடகடவென்று சுற்றும் மின்விசிறியும்.

காலையில் மனைவி வேறு, "தங்கச்சி வீட்டுக்காரர் டிவில வரப்போறாராம். நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டிருந்தாள்.

மணி இரண்டு பத்து. நகலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஒன்பதாம் விதியில் சடக்கென்று நின்றார்.

'உள்நாட்டுச் சட்டங்களுக்கு உட்பட்டு, எத்தடையுமின்றி எவரும் இந்நீதிமன்றத்தை அணுகலாம்.'

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. 'சட்டங்கள் உட்பட எத்தடையுமின்றி' என்றல்லவா இருக்க வேண்டும்? உட்பட என்றால் உள்ளூர்ச் சட்டமே குறுக்கே நின்றாலும் நீதிமன்றத்தின் கதவு திறக்கும். உட்பட்டு என்றால், ஒரு சட்டம் போட்டு எந்த அரசும் அந்தக் கதவைச் சாத்திவிடலாம். எல்லா அரசாணையிலும் எழுதி எழுதிக் கைக்குப் பழகிப்போன சொல். கை தானாக எழுதிவிடும்.

சகலையின் கை!

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார். கையெழுத்து ஆகட்டும், நாளை ஊரே சிரிக்கட்டும். சாட்சிக்கு முதல் வரைவு வேண்டுமே என்று பதிவறைக்குக் கீழே இறங்கினார்.

வரவேற்பறையில் லாரிக்காரர் மனைவி உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்தோறும் வருகிறவள். எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிப்போன புருஷனை அந்த ஆறில் ஒரு நாட்டில் பிடித்துவைத்துப் பதினோரு மாதம். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. காவலில் இருப்பவர் வழக்குப் போட முடியாது என்று அந்த நாட்டில் ஒரு சட்டம்.

"சார், கையெழுத்தாயிடுச்சுன்னா நாளைக்கே மனு போட்டுரலாமா?"

"பாக்கலாம்மா" என்றவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதிவறையில் வரைவைப் பிரித்தார். தட்டச்சில் சகலை எழுதியிருந்தது, தெளிவாக: 'சட்டங்கள் உட்பட'. அதை அடித்துவிட்டு மேலே 'சட்டங்களுக்கு உட்பட்டு' என்று எழுதியிருந்தது சிவப்பு மை. பக்கத்தில் கொழுத்த ஒரு காற்புள்ளி.

ஏதாவது குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமே என்று அன்றைக்குத் தேடித் தேடித் திருத்தியது நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது. அந்தத் தாளைக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. பழி சகலையோடு போகும். கதவு மட்டும் சாத்தியபடியே இருக்கும்.

இரண்டு நாற்பது. கைப்பேசியை எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே, உள்ள கூப்பிடுறாங்க."

"ஒன்பதாவது விதி. உட்பட்டு இல்லப்பா. உட்பட."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். "நான் அப்படித்தானே எழுதினேன்? யார் மாத்தினது?"

"நான்தான்."

"நீங்க கைவெச்சா சரியாத்தான் இருக்கும்னு திரும்பப் படிக்காம விட்டுட்டேண்ணே" என்றார் சகலை.

கையெழுத்து இருபத்தைந்து நிமிடம் தள்ளிப்போனது. பக்கம் மாறியது. நாலு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். அலுவலகத்தில் இருக்கும் அண்ணன்தான் கடைசி நேரத்தில் பிழையைப் பிடித்தார் என்று தங்கச்சி வீட்டுக்காரர் டிவியிலேயே சொன்னாராம். "தங்கமான மனுஷன்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றார். பெருந்தன்மையிலும் முந்திவிட்டான், பாவி.

வரவேற்பறையில் எதிரே நின்ற லாரிக்காரர் மனைவி தன் கைப்பட எழுதிய மனுவை நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்க ஒரு காற்புள்ளிகூட இல்லை. பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தவர், மூடியைத் திறக்காமலே பையில் செருகிக்கொண்டார்.